அண்ணனுக்காக எடுத்து வைத்த விண்கப்பல்

எங்கள் வீட்டில் விண்கப்பலுக்கும் வயலுக்கும் ஆகவே ஆகாது.

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். மாதம் ஒரு முறை பாபநாசம் கடைத்தெருவுக்குப் போய் ஒரு படக்கதைப் புத்தகத்தை வாங்கி வருவான். சொந்தக் கோளுக்குத் திரும்ப வழி தெரியாமல் அலையும் ஒரு விண்கப்பலின் கதை. சரியாகக் கதவு திறக்கும் இடத்தில் ‘தொடரும்’ என்று போட்டுவிடுவார்கள், பாவிகள். இருவரும் சேர்ந்துதான் படிப்போம். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பவள். நான் கடைசி வரிக்கு வந்து சேரும்வரை அண்ணன் பக்கத்தைப் புரட்ட மாட்டான்.

எனக்கு எட்டு வயதான வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு. வாரத்தில் அரை நாள்தான் எங்கள் வயலுக்கு முறை. பக்கத்து வயலின் மடையை அடைத்துவிட்டு எங்கள் மடையைத் திறக்க வேண்டும். அப்பா அண்ணனை அனுப்பினார். புதுப் புத்தகத்தோடு நானும் போனேன். எங்கள் மடையைத் திறந்தோம். பக்கத்து மடையை அடைக்க மறந்து வரப்பில் உட்கார்ந்து படித்தோம். எங்கள் முறைத் தண்ணீர் பெரும்பாலும் அடுத்தவர் வயலுக்குப் போய்விட்டது.

அப்பா அடிக்கவில்லை. “ஒரு வாரமா காத்துக் கெடந்த தண்ணிய தானம் பண்ணிட்டு வந்திருக்கீங்க” என்று மட்டும் சொன்னார். சில மாதங்களில் அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். புத்தகத்தை வயலுக்குக் கொண்டுபோய் நான்தான் அவனை நாடு கடத்திவிட்டேன் என்று நம்பினேன்.

கிளம்பும்போது, “மாசாமாசம் வாங்கி எடுத்து வை பாப்பா. நான் வந்ததும் சேந்து படிப்போம். அங்கயும் கெடைக்கும், ஆனா நானும் தொட மாட்டேன், சத்தியம்” என்றான். நானும் சத்தியம் செய்தேன்.

மூன்று மாதம் தாங்கினேன். பிறகு ஒவ்வொன்றையும் மடிப்புக் கலையாமல் படித்துவிட்டுப் பெட்டியில் வைத்தேன். தனியாகப் படித்ததில் ருசியே இல்லை. பக்கம் முடிந்ததும் பழக்கத்தில் திரும்பிப் பார்ப்பேன்; பக்கத்தில் அண்ணன் இருக்க மாட்டான்.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தான். இரண்டு நாள் கூடத்தில் உட்கார்ந்து அத்தனையும் படித்தோம். “அடுத்து என்ன ஆகும், சொல்லு” என்பான். மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று தப்பாகச் சொல்வேன். அவனும் தப்பாகவே சொன்னான். வெளிநாட்டுச் சாப்பாட்டில் அண்ணனுக்கு மூளை மழுங்கிவிட்டது என்று பரிதாபப்பட்டேன்.

கிளம்பும் நாளில் அவன் பையில் ஒரு புத்தகத்தைப் பார்த்தேன். நாங்கள் கடைசியாகப் படித்த அதே இதழ், சிங்கப்பூர்க் கடை முத்திரையோடு, ஓரமெல்லாம் கசங்கி. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நானும் சத்தியத்தை மீறியவள் என்பது அப்போது ஞாபகமே வரவில்லை. கொல்லைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“பாப்பா, அண்ணன் போயிட்டு வரட்டுமா?” என்று வாசலிலிருந்து இரண்டு முறை கேட்டான். நான் வெளியே வரவில்லை. அம்மா வைதார். அவன், “விடுங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

தெரிந்த கதையைத் தெரியாதவன்போல இரண்டு நாள் என்னோடு உட்கார்ந்திருந்தானே, அவனுக்கு வேண்டியிருந்தது கதை இல்லை என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை. என்னை ஏமாற்றிவிட்டான் என்றுதான் அன்று முழுவதும் அழுதேன்.