மடி கொடுத்த மாமன்

வடமதுரை பஸ் ஸ்டாப்பில் இறங்கி லால்ரின்மாவியா வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. லாலு சார் வீடு என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடைக்காரர் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, மாடிப்படியில் செருப்புக் கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்து, ஆள் இருக்கிறார் என்று உறுதி சொல்லிவிட்டுத்தான் திரும்புவார்.

மிசோரம் மலையிலிருந்து மிஷன் வேலையாக அவர் இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க ஊர் அவரை நேபாளக்காரர் என்றே முடிவு கட்டியிருந்தது. கடை எங்கே, மோமோஸ் எப்போது கிடைக்கும் என்று வழியில் நிறுத்திக் கேட்டார்கள். கடை இல்லை, ஜெபவீடு என்று அவர் பொறுமையாகச் சொல்வார். சரிங்க சார், கடை போட்டா மறக்காமச் சொல்லுங்க என்று அவர்களும் பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஆராதனை, மற்ற நாள் சாயங்காலம் தெருப்பிள்ளைகள் எல்லாருக்கும் இங்கிலீஷ் டியூஷன், இதுதான் அவர் வேலை. கும்பிடுகிற சாமி எதுவாக இருந்தாலும் டியூஷனுக்கு வராத பிள்ளை அந்தத் தெருவில் இல்லை.

மாதா மாதம் அவர் மிஷன் அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் ‘உள்ளூர் வாழ்க்கைக்குப் பழகிக்கொண்ட விதம்’ என்று ஒரு கட்டம் உண்டு. முதல் வருடம் அதில் புளிக்குழம்பைப் பற்றி எழுதினார். இரண்டாம் வருடம், வேட்டி இடுப்பில் நிற்கிறது, ஆனால் சைக்கிளில் ஏறினால் நிற்பதில்லை என்று எழுதினார். மூன்றாம் வருடம், ‘சாப்டீங்களா என்று கேட்டால் என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம் என்று விவரம் சொல்ல வேண்டியதில்லை’ என்பதைக் கண்டுபிடித்து எழுதினார். ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று. எல்லாம் பழகிவிட்டது என்று அவர் மனசார நம்பினார். பாவம், மனிதர்.

வந்த புதிதில் மதுரையில் மூன்று மாதம் தமிழ் படித்தபோது, அங்கிருந்த டீச்சரம்மா அவருக்கு ஒரு சுலபமான வழி சொல்லிக்கொடுத்திருந்தார். வயதில் மூத்த பெண் என்றால் அக்கா, சின்னவள் என்றால் தங்கச்சி, எந்த ஊரிலும் வம்பு வராது. லாலு சார் அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டார். கீரைக்காரம்மா அக்கா. மருந்துக்கடைப் பெண் தங்கச்சி. அவர் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் வீட்டுக்காரப் பெண் மகேஸ்வரியும் தங்கச்சிதான். இவரும் ஆறு வருடமாக வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மே மாதத்தில் ஒரு சாயங்காலம் மகேஸ்வரி ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் ஒரு தட்டுப் பணியாரத்தோடு மாடி ஏறி வந்தாள்.

“அண்ணே, வர்ற புதன்கிழமை தன்ஷிகாவுக்குக் குலசாமி கோயில்ல முடி எறக்கிக் காது குத்துறோம். நீங்கதான் மாமனா உக்காரணும்.”

குழந்தைக்கு முதல் முடி இறக்குவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில்தான் நடக்க வேண்டும் என்பது லாலு சாருக்குத் தெரியும். ஆறு வருடத்தில் எத்தனையோ காதுகுத்து விருந்து சாப்பிட்டிருக்கிறார்.

“மாமன்னா, கூடப்பிறந்த அண்ணன்தானே தங்கச்சி?”

“எனக்குத்தான் கூடப்பொறந்தவுக யாருமில்லையே. நான் ஒத்தப் பிள்ளையால்ல பொறந்தேன். ஆறு வருசமா தங்கச்சி தங்கச்சின்னு கூப்புட்டீகள்ல. சும்மாவா கூப்புட்டீக?”

இதற்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் வாய் நிறையப் பணியாரம் இருந்தது. மகேஸ்வரி அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று. அவர்கள் ஊரிலும் தாய்மாமனுக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அங்கே பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பரிசப் பணத்தில் மாமனுக்கு ஒரு பங்கு வந்து சேரும். இங்கே சீர் எல்லாம் மாமனிடமிருந்து கிளம்புகிறது. அது போகட்டும், அவரை அரித்த கவலைகள் வேறு. ஊழியக்காரர் ஒருவர் குலசாமி கோயிலில் போய் உட்காரலாமா என்பது ஒன்று. இன்னொன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் அவருக்கு மாற்றல் கடிதம் வந்திருந்தது. ஜூன் பத்தாம் தேதி அவர் ஒடிசா மலைப்பக்கம் போய்ச் சேர வேண்டும்.

முதல் கவலையை மகேஸ்வரியின் மாமியார் அங்காளம்மாள் குழாயடியிலேயே தீர்த்துவைத்தாள்.

“சாமி கும்புட நாங்க அம்புட்டுப் பேரு இருக்கோம் தம்பி. நீங்க செத்த நேரம் மடிய மட்டும் குடுங்க. வெளிய மரத்தடியிலதான் குத்துவாக.”

இரண்டாவது கவலையைத் தீர்க்க ஆளில்லை. மகேஸ்வரியின் புருஷன் கருப்புசாமி அவரைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குழந்தைக்குச் சின்னஞ்சிறு தோடு வாங்க வைத்தான். போகிற வழியெல்லாம் மச்சான், மச்சான் என்று கூப்பிட்டான். அவன் கூப்பிடக் கூப்பிட, சட்டைப்பையில் இருந்த கடிதம் கனத்தது. நாளைக்குக் கிளம்பப்போகிறவன் இன்றைக்கு மாமனாக உட்காருவது ஏமாற்று வேலை என்று அவர் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை காலை ஒரு வேன் நிறைய ஆட்களோடு சாணார்பட்டிப் பக்கம் குலசாமி கோயில் வாசலில் போய் இறங்கினார்கள். கருப்புசாமியின் இரண்டு சித்திகள் மாமனை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“மாமன் எந்த ஊராம்?”

“வடக்கயாம்.”

“வடக்கன்னா, நம்ம பக்கத்து அய்யலூரா?”

“அதையுந் தாண்டியாம்.”

புங்கமரத்தடியில் மணை போட்டாயிற்று. சீர்த்தட்டில் தேங்காய் பழத்தோடு தோடும், மூட்டையாக மடித்த ஒரு கறுப்புச் சிவப்புத் துணியும் இருந்தன. அது லாலு சாரின் அம்மா கையால் நெய்தது, ஆறு வருடமாகப் பெட்டியிலேயே கிடந்தது. நம் வீட்டுப் பொருள் ஒன்றாவது சீரில் இருக்கட்டும் என்று எடுத்துவந்திருந்தார். நாவிதர் கத்தியோடு காத்திருந்தார். அப்போதுதான் லாலு சார் மகேஸ்வரியை மரத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினார்.

“அடுத்த மாசம் ஒடிசா போறேன் தங்கச்சி. திரும்ப இங்க வேலைக்கு வர மாட்டேன். இதச் சொல்லாம உக்கார முடியல. வேற யாராச்சும் உக்காரட்டும்.”

மகேஸ்வரியின் முகம் வாடிப்போயிற்று. வேறு யார் இருக்கிறார்கள்? கருப்புசாமியின் சித்தி மகன் முகேஷ்குமார் வெள்ளைச் சட்டையை விறைப்பாக அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு தயாராகத்தான் நின்றான். ஆனால் அவன் குழந்தைக்குச் சித்தப்பன். சித்தப்பன் மடியில் காது குத்திக்கொண்ட பிள்ளை, மாமன் இல்லாத பிள்ளை என்று அந்த இரண்டு சித்திகளும் காலம் பூராவும் சொல்லிக் காட்டுவார்கள். லாலு சாருக்கும் அது தெரியும்.

அவள் கடிதத்தைப் படிக்கவில்லை. மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்கு மாமனுக மூணு பேருண்ணே. ஒருத்தரு திருப்பூர்ல, ஒருத்தரு துபாய்ல. இன்னொருத்தரு எங்க இருக்காருன்னே வீட்ல யாருக்கும் தெரியாது. ஆனா என் கல்யாணத்தன்னைக்கு விடிகாலைல மூணு பேரும் மாலையோட வாசல்ல நின்னாக. மாமன் கூடவே இருக்கணும்னு உங்ககிட்ட யாரு சொன்னா? இவ கல்யாணத்துக்கு நீங்க வந்துரணும், அம்புட்டுத்தான். இப்ப உக்காருங்க, நல்ல நேரம் போகுது.”

உட்கார்ந்தார். முதல் முடி அந்த மலைத்துணியில் விழுந்தது. குழந்தை ஊரைக் கூட்டியது. காதில் ஊசி இறங்கியதும் அது போட்ட சத்தத்தில் வேன் டிரைவரே எழுந்து வந்து பார்த்தார். போதாததற்கு மாமன் வேட்டியையும் நனைத்து வைத்தது. நல்ல சகுனம் என்று எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

அழுகை மட்டும் நிற்கவில்லை. அம்மா, அப்பத்தா, இரண்டு சித்திகள், கிலுகிலுப்பை, செல்போன் பாட்டு, ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் லாலு சார் எழுந்தார். துணியை உதறினார். குழந்தையை வாங்கி முதுகில் சாய்த்து, துணியைச் சுற்றி நெஞ்சில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, அவர் ஊரில் அம்மாக்கள் நடப்பதுபோல மெல்ல ஆடி ஆடி நடந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. புங்கமரத்தை மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் தன்ஷிகா மொட்டைத்தலையை அவர் தோளில் போட்டுத் தூங்கிப்போனாள்.

“மூட்டையாவுல்ல கட்டிட்டாரு” என்றாள் ஒரு சித்தி. “இம்புட்டு நாளா நமக்கு இது தெரியலையே” என்றாள் இன்னொருத்தி. இறக்கினால் முழித்துக்கொள்வாளே என்று மாமன் அன்றைக்குக் கறிவிருந்தை நின்றுகொண்டே சாப்பிட்டார். பக்கத்தில் நின்று கறி, கூட்டு என்று வெஞ்சனம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது, விறைத்த சட்டையோடு முகேஷ்குமார்தான்.

வீட்டுக்கு வந்ததும் வடமதுரையிலிருந்து அனுப்ப வேண்டிய கடைசி அறிக்கையை எழுத உட்கார்ந்தார். பழகிக்கொண்ட விதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் தான்தான் இவர்களுக்குப் பழகிக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஒரு விடுப்பு விண்ணப்பத்தை எடுத்து நிரப்பினார்.

எத்தனை நாள்: பத்து. எப்போது: சுமார் இருபத்தைந்து வருடம் கழித்து, தேதி பின்னால் தெரிவிக்கப்படும். காரணம்: தங்கச்சி மகள் கல்யாணம், தாய்மாமன் நான்தான்.