சஹனில் நின்ற அலை

சஹன் என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. நாவுலப் பக்கம் ஒரு நர்சரி டீச்சர் வீட்டில் நான் பார்த்த சஹனில் சோறு இல்லை. அரை விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்திருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் கல்குவாரி. கல் உடைக்கும் மெஷின் அதிர்ந்து அதிர்ந்து முன்னறைச் சுவர் நீளத்துக்கு வெடித்திருந்தது. அந்த அறையில்தான் அவர் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து நர்சரி நடத்தினார். டீச்சர் எங்கள் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதியிருந்தார். சுவர் பழசு, அதனால்தான் வெடித்தது என்று குவாரிக்காரர் சாதித்தார். நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான். அதிர்வை அளக்கும் கருவி அப்போது எங்களிடம் இருக்கவில்லை. டீச்சரிடம் சஹன் இருந்தது.

பரிசோதனைக்குப் போகும் நாளைக் கடிதத்தில் எழுதி, முறைப்பாட்டுக்காரருக்கும் எதிர்த்தரப்புக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புவது எங்கள் அலுவலக வழக்கம். நியாயமான ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்று காலை போனபோது குவாரியில் ஈ காக்கை இல்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். தண்ணீர் அசையவே இல்லை, கூரை ஓடுகள் அதில் எண்ணிவிடலாம் போலத் தெரிந்தன.

"நீங்க வாரது அவங்களுக்கும் தெரியுமா சேர்?" என்று டீச்சர் கேட்டார்.

"கடிதம் ரெண்டு பக்கத்துக்கும் போகும் டீச்சர். அதுதான் முறை."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். 'பரிசோதனையின்போது அதிர்வு எதுவும் உணரப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பத்து நாள் கழித்து வேறு வேலையாக அந்த வழியே போனேன். மெஷின் சத்தம் ரோட்டிலேயே கேட்டது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனதும், டீச்சர் சஹனை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். குளத்தில் கல் எறிந்தால் வட்டம் ஓடிப் பரவும் அல்லவா, இது ஓடவில்லை. விளிம்புகளிலிருந்து உள்ளே வந்த அலைகள் ஒன்றோடொன்று மோதி, பாய் பின்னல் போலக் கட்டம் கட்டமாக, நின்ற இடத்திலேயே எழுந்து தாழ்ந்தன. மெஷின் திணறினால் கட்டங்கள் கலையும். சீராக ஓடத் தொடங்கியதும் மறுபடி வந்து நிற்கும். பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள், அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப கண்ணால பாத்தீங்க தானே சேர். இத எழுதுங்களேன்."

"அறிக்கை போயிருச்சு டீச்சர். திரும்ப முறைப்பாடு போடுங்க, நாள் குறிச்சு வாரேன்."

"நாள் குறிச்சா?" என்று சிரித்துவிட்டு, பிள்ளைகளை வெடிப்பு இல்லாத பக்கமாக நகர்த்தி உட்கார வைத்தார்.

அடுத்த பள்ளித் தவணை தொடங்குமுன் அவரே நர்சரியை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது அலுவலகத்தில் கருவி இருக்கிறது. போனிலேயே அதிர்வு பார்க்கலாம் என்கிறார்கள் புதிதாக வந்தவர்கள். அன்று பார்த்ததை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்ப எனக்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது, எந்த விதியும் தடுத்திருக்காது. எழுதினால் முதல் அறிக்கை பிழை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதற்குப் பயந்துதான் எழுதாமல் விட்டேன்.