மூடிய கிணற்றுக்கு ஒரு குழாய்

பெர்மாகல்ச்சர் என்று இப்போது சொல்கிறார்களே, அப்படி மரம், செடி, கொடிகளைக் கலந்து நட்டு, வீட்டில் புழங்கிய தண்ணீரிலேயே வளர்க்கும் தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வீட்டுக்காரர்களிடம் கேள்வி கேட்கக் கூச்சம். அதனால் முதல் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து, வெயில் எங்கே விழுகிறது, யார் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

சோழபுரத்தில் ஒரு வீட்டுக்குப் பட்டாளத்தில் இருந்து வந்தவர் கூப்பிட்டிருந்தார். வேண்டியதை உத்தரவு போலச் சொன்னார்.

"முருங்கை, கொய்யா, கீரை. கொல்லையில அந்தப் பள்ளம் மட்டும் கண்ணுல படக் கூடாது. அடர்த்தியா எதையாச்சும் வையி."

பள்ளம், மண் போட்டு மூடிய கிணறு. எங்கள் பக்கத்தில் கிணற்றை மூடினால், அது மூச்சு விடட்டும் என்று ஒரு குழாயை நட்டு வைப்பார்கள். இங்கும் முழங்கால் உயரத்துக்கு இரும்புக் குழாய் நின்றது. அதை அறுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். தண்ணீர் வந்து சேரும் இடம், வாழை செழிக்கும். சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டேன்.

வெயில் தாழ அவர் கடைத்தெருவுக்குப் போனார். அவர் மனைவி கொல்லைக்கு வந்தார். சுவரோரம் இருந்த என்னைக் கவனிக்கவில்லை. குழாய் அருகே குத்தவைத்து, அதன் வாயில் குனிந்தார்.

"ஏலே, சாப்பிட்டியா? இன்னைக்கு உனக்குப் புடிச்ச பருப்புத் தொவையல்."

பிறகு காதை வைத்துக் காத்திருந்தார். எழுந்துவிடப் பார்த்தேன், மண்வெட்டி சரிந்தது. அவர் பதறவில்லை.

"தம்பி, இந்த வெள்ளைக் கோடு எதுக்கு?"

"வாழைக்கும்மா."

"அப்ப குழா?"

சரிந்த மண்வெட்டியை எடுத்துச் சுவரில் சாய்த்தேன்.

"எம்மவன் இதுக்குள்ளதான் போனான். நீச்சல் தெரிஞ்ச பய. காரியம் முடிஞ்ச மறுநாளே அவிய மண்ணடிச்சு மூடிட்டாவ. நாந்தான் அழுது குழா வைக்கச் சொன்னேன்."

பட்டாளத்துக்காரர் கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்ததும், தரையைப் பார்த்தபடியே சொன்னேன். "அய்யா, மூடுன மண்ணு இன்னும் இறங்கும். வாழைய அடுப்படித் தண்ணி போற பக்கம் வைப்போம். இங்க பந்தல் போட்டு அவரைக்கொடி ஏத்திருதேன். குழா கெடக்கட்டும். காய் பறிக்க உள்ள போக வழி மட்டும் விடணும்."

"எம்புட்டு?"

"ஒரு ஆளு போற அளவுக்கு."

அவர், அங்கேயே நின்ற தன் மனைவியின் சேலைக் கரையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தார்.

"ரெண்டு ஆளு போற மாதிரி விடுய்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவரைக்கொடி படர்ந்த பிறகு ஒரு நாள் போனேன். இருவரும் மடவார் வளாகம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பந்தலுக்குள் குனிந்து போய்க் குழாயில் காதை வைத்தேன். குளிர்ந்த காற்று மேலே வந்தது. வந்திருப்பது யார் என்று உள்ளிருந்து கேட்பது போலிருந்தது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இப்போதும் புதிய இடங்களில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கையில், அந்தக் காற்று காதில் படுகிறது.