மாமாவின் இன்ஜின்

அசாம் ஜாவா என்ற ஊரில், வீட்டு வாசலில் மாமா தன் பழைய காரின் இன்ஜினைப் பிரித்தார். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் ஐந்து மூடிகளையும் ஒரே வாளியில் போட்டார். அவை அதனதன் இடத்திலேயே வைத்துக் கடையப்பட்டவை. இடம் மாறினால் தண்டு இறுகிவிடும்.

"நம்பர் போட்டு வைங்க மாமா" என்றேன். நான் வாகனத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா படித்தவள்.

"டிப்ளோமாக்காரி பாடம் எடுக்குறா லா! போய் டீ கலக்கு" என்றார். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அதன்பின் நான் வாய் திறக்கவில்லை. மாமா மூடிகளைக் கைக்கு வந்தபடி மாட்டினார். ஒவ்வொன்றையும் முடுக்கியதும் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், பார்க்கவில்லை. போல்ட்டின் முறுக்கை அளக்கும் ஸ்பேனர் என் காரிலேயே இருந்தது. நான் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே கூட்டத்தைக் கூப்பிட்டு, டயர்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒருமுறை முனகி நின்றது.

"பேட்டரி வீக்கு" என்றார். பக்கத்து வீட்டு பேட்டரியை மாட்டியும் அசையவில்லை.

"சூடம் அணைஞ்சே போச்சு, எறங்குங்க" என்றார் அத்தை. இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது மாமா ரவாங் தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போகிறார். தினமும் காலையில் அவர் நிற்கும் பஸ் நிறுத்தத்தில் காரை மெதுவாக்கி ஹாரன் அடிப்பேன். நேற்று ஜன்னல் பக்கம் குனிந்து, "கொஞ்சம் வந்து பாரும்மா" என்றார்.

எனக்கு அது ஒரே வார இறுதியில் முடிகிற வேலை.

"பாக்குறேன் மாமா. ஆனா தனியா கேக்காதீங்க. எல்லாரையும் கூப்பிட்டு வெச்சி, அவங்க முன்னாடி கேளுங்க."

பஸ் வந்தது, மாமா ஏறிக்கொண்டார்.