ஞானப்பூ பேரில் நான் கொடுத்த பரீட்சை

மூன்றாம் வகுப்பில் நான் இரண்டு தடவை தேறியிருக்கிறேன். முதல் தடவை என் பேரில், எங்கள் அப்பா வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில். இரண்டாம் தடவை ஞானப்பூ என்ற பெண்ணின் பேரில், தாமிரபரணிக்கு அக்கரையில் என் தாய்மாமா வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில். இரண்டிலும் ஒரு பிழை கிடையாது. அதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று மாமா சத்தியம் வாங்கிக்கொண்டதுதான் ஒரே குறை.

வெள்ளைக்கார மகாராணி காலமாகி, அவர் மகன் ராஜாவாக வந்திருந்த சமயம். வருஷத்தில் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வில்வண்டியில் வந்து இறங்குவார். ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லி எழுப்பி வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், மனக்கணக்குக் கேட்பார். தேறிய பிள்ளையின் தலைக்கு இவ்வளவு என்று சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுக்கும். அதற்குக் கிராண்டு என்று பேர். தேறாத பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. அதனால் ஜில்லா முழுக்க ஒரே புத்தகம், ஒரே கேள்வி, ஒரே பயம்.

மாமா நன்றாகப் பாடுவார். நான் சின்னவளாக இருந்தபோது, பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் எந்தப் பறவை எந்த மரத்தில் கூடு கட்டுகிறது என்று காட்டிக்கொண்டிருப்பார். இன்ஸ்பெக்டர் பறவையைப் பற்றிக் கேட்பதில்லை. பாட்டையும் கேட்பதில்லை. ஆகவே இரண்டும் நின்றுபோய், வருஷம் பூராவும் அந்த ஒரே புத்தகத்தைப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்படியும் முந்தின வருஷம் பாதிப் பேர் கோட்டைவிட்டார்கள். இந்தத் தடவையும் இப்படியென்றால் பள்ளிக்கூடத்தைச் சாத்திவிடுவோம் என்று, அதை நடத்திய பாதிரிமார் மிஷனிலிருந்து கடிதாசி வந்தது. அங்கே படித்ததெல்லாம் வயல் கூலிக்காரர் பிள்ளைகள். பெரிய ஊர்ப் பள்ளிக்கூடம் அவர்களைப் படியேற விடாது. இதையெல்லாம் மாமா எங்கள் அம்மாவிடம் சொல்லித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். எனக்கு அதிலிருந்து புரிந்தது, இன்னொரு பரீட்சை கொடுக்க வாய்ப்பு வந்திருக்கிறது என்பது மட்டும்தான்.

பரீட்சைக்கு முந்தின நாள் மாமா என்னை வண்டியில் கூட்டிப்போனார். ஓலைக் கூரைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ஞானப்பூ. என் வயசுதான். கணக்கென்றால் கேட்டு முடிப்பதற்குள் சிலேட்டில் விடையைப் போட்டுவிடுவாள். புத்தகம் முழுக்க அவளுக்குத் தெரியும். ஆனால் திக்குவாய். அவள் ‘பசு’ என்று வாசிப்பதற்குள் பசு மேய்ந்துவிட்டுத் தொழுவத்துக்கே வந்துவிடும் என்று பையன்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்தேன். இன்ஸ்பெக்டரிடம் வாசிக்கும்போது மூன்று தடவைக்கு மேல் தடங்கினால் பேருக்கு நேரே சைபர்தான். வாசிப்பில் போனால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் பிரயோசனமில்லை.

பாடம் முடிந்ததும் மாமா அவளைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு நீ வரண்டாம் தாயி. உன் பேரு பாஸாயிரும். நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நா... நா... நானே வாசிப்பேன் சாரு.”

“வாசிப்பே, ஏட்டி. அவரு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டாருல்லா.”

சாயங்காலம் மாமா அவள் அப்பாவைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அந்த மனுஷர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நீங்க வெசனப்படாதீங்க சாரு. நடவுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்,” என்றார். பிறகு பைய, “ஆறு மாசமா மாட்டுக்கிட்டயும் கோழிக்கிட்டயும் அந்தப் பாடத்தையே வாசிச்சிக்கிட்டுக் கெடக்கா,” என்றார். மாமா திரும்பி நடந்தார்.

மறுநாள் காலை அத்தை என் தங்கத் தோட்டைக் கழற்றிவிட்டுக் காதில் ஓலைச்சுருளைச் செருகினாள். வயல் கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தங்கத் தோடு ஏது என்று இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டால் என்ன செய்வது? எனக்கு அழுகை வந்தது. தோட்டுக்காகத்தான் அழுதேன். இன்னொருத்தி பேரை மாட்டிக்கொண்டதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அவள் அப்பா பேர், அம்மா பேர், வயசு எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்து அத்தையை அசரவைத்தேன்.

எங்கள் ஊருக்கு வந்தவர் அல்ல, அக்கரைக்கு வேறு இன்ஸ்பெக்டர். பெரிய தலைப்பாகையோடு வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். மாமா சுவரோரம் நின்று உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். நான் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று வெளிச்சம் மறைந்தது. திரும்பிப் பார்த்தால் ஞானப்பூ. முழங்கால் வரைக்கும் சேறு. நடவிலிருந்து நேரே ஓடிவந்திருக்கிறாள். கையில் சிலேட்டு.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்தரைப் பார்த்து, “ஞானப்பூ,” என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. “உ... உ...” என்று தொடங்கிவிட்டாள். அடுத்த மூச்சில் சொல் வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நான் துள்ளி எழுந்து, “உள்ளேன் ஐயா,” என்று கணீரென்று சொன்னேன். தற்செயலாக அல்ல, வேண்டுமென்றேதான் முந்தினேன். அதை மறைக்கிற வயசை நான் எப்போதோ தாண்டிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். “வாசலில் நிற்கிறது யார்?”

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. “வயல்ல வேலை பாக்குத பிள்ளைதான் ஐயா. வேடிக்கை பாக்க வந்திருக்கு.”

நான் வாசித்தேன். ஒரு தடங்கல் இல்லை. அவர், “பேஷ்,” என்றார். அவர் வாக்கியங்களைச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். ஞானப்பூ போகவில்லை. வாசலில் நின்றபடியே சிலேட்டை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அவளும் எழுதினாள். மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பாதிக்கு மேலேயே தேறிவிட்டார்கள். பள்ளிக்கூடம் பிழைத்தது. வில்வண்டி தெருத் திரும்பியதும் மாமா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பிள்ளைகளுக்கு அத்தை பொரியும் கருப்பட்டியும் கொடுத்தாள். எனக்கு மட்டும் இரண்டு பங்கு.

அதைத் தின்ன நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போனேன். ஞானப்பூ அங்கே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அடிக்கப் போகிறாள் என்று பயந்தேன். அடிக்கவில்லை. என்னை ஒரு கல்லில் உட்காரவைத்துப் புத்தகத்தை விரித்து என் மடியில் வைத்தாள். நாலடி தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். நான் வாசித்த அதே பாடத்தை, புத்தகத்தைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

எத்தனை இடத்தில் மாட்டிக்கொண்டாள் என்று நான் எண்ணவில்லை. மாட்டிக்கொண்ட சொல்லை ஒரு தடவைகூட விட்டுத் தாண்டவில்லை. அந்தச் சொல்லைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கி, வெளியே கொண்டுவந்த பிறகுதான் அடுத்த சொல்லுக்குப் போனாள். என் பொரி தீர்ந்துபோயிற்று. அவள் காலில் சேறு காய்ந்து உதிர்ந்தது. கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தாள்.

“ஏளா, நீதான் பாஸாயிட்டியே,” என்றேன். “பொறவு எதுக்கு இங்கன நின்னு இந்தப் பாடு படுதே?”

அவள் இன்ஸ்பெக்டர் சொன்னதையெல்லாம் எழுதியிருந்த சிலேட்டை என் முன்னால் நீட்டி, குச்சியையும் கொடுத்துவிட்டு நின்றாள். நான் மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. ஏற்கெனவே தேறிவிட்டவளிடம் அதைப் போய் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.