லோரிக்கு அடியில் ஓடிய மெஷின்

காஜா பெராங்கில் அப்பாசாமியைத் தெரியாதவன் கிடையாது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய லோரிக்குப் பலகை அடித்து, கட்டிலும் அடுப்பும் போட்டு, அதையே வீடாக்கிக்கொண்ட கிறுக்கன். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் படம் காட்டுவான். படத்துக்கும் வீட்டு விளக்குக்கும் ஒரே கரண்ட் மெஷின்தான்.

அந்த மெஷின் விஷயத்தில் மட்டும் கிறுக்குத்தனம் கிடையாது. லோரியை விட்டு எட்ட வைப்பான். காற்றடிக்கும் திசை பார்த்துப் புகைக்குழாயைத் திருப்புவான். மண்ணில் இரும்புக் கம்பி அடித்து மெஷினையும் லோரியையும் அதோடு இணைப்பான். யாராவது கிட்டே போனால், "புகை எமன்யா, தள்ளி நில்லு" என்று எரிந்து விழுவான். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வருஷம் அவன் பெண்டாட்டி அஞ்சலைக்குப் பிள்ளை பிறந்தது. என் வீட்டுப் பக்கத்துத் திடலில் லோரி நின்றது. பச்சை உடம்பில் காற்று படக்கூடாதென்று மருத்துவச்சி பொன்னம்மா ஜன்னல்களைச் சாத்தி, சுவர்ப்பலகை இடுக்கிலெல்லாம் கந்தலைத் திணித்துவிட்டாள். தீட்டு கழிகிறவரை ஆம்பளை உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. அப்பாசாமி என் வீட்டில் படுத்தான். உள்ளே எப்படி அடைத்திருக்கிறாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாத்திய லோரிக்குள் ஒரே இருட்டு, விளக்கு வேண்டும். மெஷின் நனைந்தால் ஷாக் அடிக்கும். கொஞ்ச நேரம்தானே என்று அதை லோரிக்கு அடியில் தள்ளி ஓடவிட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் காயமருந்து வாங்கப் பண்டார் ஹிலிர் கடைத்தெருவுக்குப் போய்விட்டான். பாவிப்பயல், ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன்.

அஞ்சலை தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றாளாம். பொன்னம்மாவுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். "எங்கியோ காத்து நுழையுது புள்ள" என்று கதவிடுக்கிலும் சாக்கை அடைத்துவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்ட என் வீட்டு வெந்நீருக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். தரைப்பலகை இடுக்குகளை அவள் தொடவில்லை. புகை அந்த வழியாகத்தான் ஏறியிருக்கிறது.

அவள் திரும்பிப் போனபோது அஞ்சலை தூங்குகிற மாதிரிக் கிடந்தாள். தொட்டுப் பார்த்தவள் போட்ட கூச்சலில் நாங்கள் ஓடினோம். அப்பாசாமியும் அப்போதுதான் வந்து சேர்ந்தான். உள்ளே நுழைந்து கந்தல்களைப் பார்த்தான். வெளியே வந்து மெஷினை நிறுத்தினான்.

ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள் ஊரில். பொன்னம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "எல்லா இடுக்கையும் அடைச்சேனே, எந்த வழியா வந்துச்சோ அந்தக் காத்து."

"காத்து வரல அத்தை. வந்திருந்தா பொழைச்சிருப்பா. என் மெஷின் புகைதான் வந்துச்சு" என்றான் அப்பாசாமி.

அவளுக்கு அது விளங்கவில்லை. பிள்ளைக்காவது காற்று படாமலிருக்கட்டுமென்று துணியை முகம்வரை இழுத்து மூடினாள். அப்பாசாமி பிள்ளையைப் பிடுங்கினான். துணியை உருவிப் போட்டுவிட்டு, தூறலில் திடல் நடுவே போய் நின்றான். நாங்கள் கூப்பிட்டும் அவன் வரவில்லை.