சுளுக்குக்காரி

அந்த அம்மாள் குனியவில்லை. இத்தனை மாதம் கழிந்தும் எனக்கு ஆறாதது அது ஒன்றுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம், விளிம்புக்கு மேலே கண் மட்டும் தெரியும் உயரத்தில் என் மகள் நின்றிருந்தாள். அவளுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் இருக்கும் பிளாக்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரே மழலையர் பள்ளி அது. அந்த அம்மாள்தான் அதை நடத்துகிறார். ஒரு பச்சை மரக்கட்டையைத் தூக்கிக் காட்டி, "இது என்ன கலர்?" என்று கேட்டார்.

"பச்சை" என்றாள் என் மகள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர் கட்டையை வைத்துவிட்டு யானைப் படத்தை எடுத்தார். "யானை. பெருசு. தண்ணி குடிக்குது" என்றாள். அதற்கும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெயர் கேட்டார். அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னாள். அவர் பேனாவை எடுத்துவிட்டார்.

"சொல்லிட்டா மேடம்" என்றேன்.

"எனக்குக் கேக்கலையேம்மா."

"கொஞ்சம் மெதுவாப் பேசுவா. கிட்டப் போனாக் கேக்கும்."

"வீட்ல நல்லாப் பேசுவான்னுதான் எல்லா அம்மாவும் சொல்றாங்க. மொபைல் நிறையப் பாக்குறாளா?"

படிவத்தில் 'பேச்சு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இல்லை' என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினார். "ஒரு மாசம் சீட்டை வச்சிருக்கேன். வாய் விட்டுப் பேச வச்சுக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம். கடலூர்ல யாராவது டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க" என்றார். நான் தலையாட்டினேன். சண்டைக்குப் பேர் போன ஊரிலிருந்து வந்தவள், அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெளியே வராந்தாவில் பள்ளியின் ஆயாம்மா என் மகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டாள். பக்கத்துக் கிராமத்துக்காரி. "பாப்பா நல்லாத்தானேங்க பேசுது. உள்ள போறப்பவே எங்காதாண்ட வந்து, செருப்ப எங்க வுடணும்னு கேட்டுச்சு. வூட்டுலயும் இப்பிடித்தான் பேசிகினு இருக்குமா?" என்றாள்.

அவள் ஒருத்தி குனிந்திருக்கிறாள். அந்த அம்மாளுக்குக் கழுத்தில் சுளுக்கு போல. ஸ்கூட்டரை எடுக்கும்போதே பெயர் வைத்துவிட்டேன், சுளுக்குக்காரி என்று. ஒரு மாதம் கழித்து என் மகள் போடும் சத்தத்தில் அந்த அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொள்ள வேண்டும். அதை நான் நின்று பார்க்க வேண்டும். வீடு வந்து சேர்வதற்குள் இதை முடிவு செய்துவிட்டேன்.

என் மகள் ஏன் அப்படிப் பேசுகிறாள் என்று நெய்வேலியில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. என் கணவர் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினில் ஆபரேட்டர். ஷிப்ட் வாராவாரம் மாறும். மூன்று ஷிப்டுக்கும் மூன்று விதத் தூக்கம், மூன்றும் பகலில்தான். நைட் ஷிப்ட் என்றால் காலை ஏழு மணிக்குப் படுத்து மதியம் இரண்டு வரை. மற்ற வாரங்களில் காலையிலோ மதியத்திலோ ஒரு தவணை. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு: ஆள் தூங்குகிற வீட்டில் கேட்டின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிடுவார்கள். துண்டைப் பார்த்தால் பால்காரர் மணி அடிக்க மாட்டார். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுவரும் வண்டிக்காரர்கூட எங்கள் வீட்டைத் தாண்டும்வரை வாயைத் திறக்க மாட்டார்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் உப்பை எடு என்று சொன்னால் அடுத்த தெருவில் உப்பை எடுத்து வைப்பார்கள். கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரமே நைட் ஷிப்ட். குக்கர் விசில் வைக்கக்கூடாது, சோற்றை வடிக்க வேண்டும். மிக்சியை விடியற்காலையிலேயே ஓட்டிவிட வேண்டும். காலிங் பெல்லுக்கு வயரே கிடையாது. நான் ஊருக்குப் போன் பேசினால் அம்மா, "என்னடி, யாரும் செத்துப் போயிட்டாங்களா?" என்று கேட்பாள். அப்படித்தான் என் சத்தம் போனது. அதற்கு நான் யாரையும் பழி சொல்லவில்லை. தூக்கம் கெட்டு அந்த மெஷின் மேல் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மகள் பிறந்ததும் இந்த வீட்டில்தான். எல்லாக் குழந்தையும் பாதம் பதித்து நடக்கப் பழகும், இவள் நுனிக்காலில் நடக்கப் பழகினாள். தட்டாமாலை சுற்றினாலும் கொலுசு வாயைத் திறக்காது. முதலில் அவள் வாயிலிருந்து வந்தது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, "ஷ்". சமையலறையில் நான் கரண்டியைக் கீழே போட்டபோது உதட்டில் விரலை வைத்துச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இரண்டு வயதில் முழு வாக்கியம் பேசினாள், காதுக்குப் பக்கத்தில் வந்து, கையைக் குவித்து வைத்து. எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. நாங்களும் அப்படித்தானே பேசினோம்.

பள்ளியிலிருந்து வந்த அன்று மதியம் கணவர் எழுந்ததும் நடந்ததைச் சொன்னேன். "விடு, அடுத்த வருஷம் சேத்துக்கலாம். குழந்தைதானே" என்றார். அவருக்கென்ன. 'இல்லை' என்று எழுதியதை அவர் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து சாயங்காலம் அவளைப் பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். சொல்லிக்கொடுத்தது ஒரே வரி: குட் மார்னிங் மேடம். அதை வயிற்றிலிருந்து கத்த வேண்டும். "அம்மா எப்படிச் சொல்றேன்னு பாரு" என்று நானே கத்திக் காட்டினேன். நாலு வருஷமாக அடைத்துக் கிடந்த தொண்டை. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு ரிட்டயர்டு சார் நின்று, "குட் மார்னிங்மா, ஆனா இப்ப சாயங்காலம்" என்றார். என் மகளுக்கு நான் கத்தியது ரொம்பப் பிடித்துவிட்டது. கை தட்டினாள். இரண்டு உள்ளங்கையும் தொடாமல், சத்தமே வராமல் தட்டினாள். அப்புறம் என் கழுத்தைப் பிடித்து இழுத்து, காதில், "குட் மார்னிங் மேடம்" என்றாள்.

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. எனக்கு ஆத்திரம் குறையவில்லை, நன்றாக ஊறியது. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அந்த அம்மாளிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். "மேடம், என் பொண்ணுக்குப் பேச்சு வரலைன்னு எழுதினீங்களே, உங்களுக்குக் காது கேக்கலைன்னு நான் எங்க எழுதுறது?" என்பது ஒரு வரி. "சுளுக்குக்காரி, அந்தக் கழுத்து வளையவே வளையாதா?" என்பது இன்னொன்று. எல்லாம் கிசுகிசுப்பில்தான். கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாரே. மகள் என் காலடியில் உட்கார்ந்து வெங்காயத் தோலை உரித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தலையைத் தூக்கி, "சுளுக்குன்னா என்னா?" என்று கேட்டாள்.

அந்த வாரம் அவள் அப்பாவுக்கே கழுத்தில் சுளுக்கு. மெஷினில் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு அடிக்கடி வரும். "அப்பாவுக்குக் கழுத்து திரும்பலைல்ல, அதான் சுளுக்கு. அம்மா தைலம் தேச்சா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மறுபடி என் ஒத்திகைக்குப் போனேன்.

மூன்றாவது வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவருக்கு நைட் ஷிப்ட். காலை பத்து மணி இருக்கும், உள்ளே நல்ல தூக்கம். நான் வெளியே போய்க் கேட்டிலிருந்த துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டேன். ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் மகளிடம் கொடுத்தேன். "அடி. கத்து. இன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா தூங்குறாங்க" என்று உதட்டசைத்தாள்.

"தெரியும். சத்தமாச் சொல்லு."

"அப்பா தூங்குறாங்க."

"சத்தமாச் சொல்லுன்னு சொல்றேன்ல" என்று நான் கத்திவிட்டேன். மைதானத்தில் கத்தியது மாதிரி இல்லை. அவள் உதடு பிதுங்கியது. அழுதாள், அதையும் சத்தமில்லாமல் அழுதாள். தட்டை ஓசைப்படாமல் தரையில் வைத்தாள். என் தோளிலிருந்த துண்டை இழுத்துக்கொண்டு நுனிக்காலில் வாசலுக்குப் போனாள். கேட்டின் மேல்கம்பி எட்டவில்லை. கீழ்க்கம்பிகளுக்கு நடுவே துண்டைச் சொருகிவிட்டு வந்தாள்.

திரும்பிப் பார்த்தால் அவர் கண் சிவந்து வாசற்படியில் நின்றிருந்தார். "குழந்தைய ஏன் மிரட்டுற?" என்றார்.

"மிரட்டலங்க. பேச வைக்கிறேன்."

"அவ பேசிக்கிட்டுத்தானே இருக்கா."

"உங்களுக்குக் கேக்குதா? ஊருக்குக் கேக்குதா? உங்க தூக்கத்துக்காகத்தான் என் பொண்ணு ஊமைன்னு பேரு வாங்கிட்டு வந்திருக்கா."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மகள் போய் அவர் மடியில் உட்கார்ந்து கண்ணைப் பொத்திவிட்டாள், தூங்கட்டும் என்று. அன்றைக்கு அவர் தூங்கவில்லை, அப்படியே வேலைக்குப் போனார். மறுநாள் காலை அவர் வண்டிச் சத்தம் கேட்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. அன்றைக்குத் துண்டை நானே தொங்கவிட்டேன். மைதானத்துக்குப் போவதையும் நிறுத்தினேன். ஆனால் அந்த அம்மாள் மேல் இருந்த கோபம் மட்டும் ஒரு இழை குறையவில்லை. சொல்லப்போனால், வீட்டில் நடந்த இந்தச் சண்டையையும் அவர் கணக்கிலேயே சேர்த்தேன்.

மாதம் முடிந்தது. பள்ளிக்குப் போனோம். சீட் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இல்லை என்று அவர் சொன்னதும் ஒத்திகை பார்த்ததையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகக் கொட்டிவிட்டு வருவதற்காகவே போனேன். அதற்காக நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன்.

அதே மேசை, அதே நாற்காலி. "என்ன பாப்பா, பேச வந்துடுச்சா?" என்றார். என் மகள் ஏதோ சொன்னாள். எனக்கே கேட்கவில்லை. நான் மூச்சை இழுத்து முதல் வரியை எடுத்தேன்.

அதற்குள் வாசலில் நின்ற ஆயாம்மா, "மேடம், அது காதாண்டதாங்க பேசும். கிட்டக்கப் போய்ப் பாருங்க" என்றாள்.

அந்த அம்மாள் அவளை ஒரு நொடி பார்த்தார். அப்புறம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, என் மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைச் சாய்த்தார். ஒரு மாதமாக இதைத்தான் கேட்டேன். நடந்தபோது எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

என் மகள் கையைக் குவித்து அவர் காதில் வைத்தாள். ஏதோ சொன்னாள். அவர் என்னமோ கேட்டார், அவளைப் போலவே கிசுகிசுப்பாக. அவள் பதில் சொன்னாள். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாள். நான் இரண்டடி தள்ளி நின்றும் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள்.

ரொம்ப நேரம் கழித்து எழுந்து, படிவத்தை எடுத்து 'இல்லை' என்பதை அடித்தார். "இவ்வளவு பேசுறாளே. என் தப்புதாம்மா, அன்னிக்கே எந்திரிச்சு வந்திருக்கணும். திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். சிரித்துக்கொண்டே கழுத்தைத் தடவினார். "முதல்ல என்ன கேட்டா தெரியுமா? உங்களுக்குச் சுளுக்கு போயிடுச்சான்னு கேட்டா. எனக்குச் சுளுக்கே இல்லையேன்னேன். இல்ல, இருந்துச்சு, எங்கம்மா தினமும் சொல்லிச்சுங்கறா. எங்கம்மா தைலம் தேச்சு விடும், வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடுறா. என்னம்மா, என்னைப் பத்தி வீட்ல என்ன பேசிக்கிறீங்க?"

ஆயாம்மா வாசலில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்த வரிகள் எல்லாம் எனக்கு அப்படியே நினைவிருந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, நான் தைலம் தேய்க்க ஒத்துக்கொள்வேனா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துடுறோம் மேடம், திங்கக்கிழமை" என்றேன்.

"என்ன சொன்னீங்க? கேக்கலையேம்மா" என்று அந்த அம்மாள் என் பக்கமும் குனிந்தார்.